கொளஞ்சியம்மாள் தட்டிய கோப்பைகள்

விருத்தாசலம் கடைவீதியில் டாக்டர் விருத்தகிரியின் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கொளஞ்சியம்மாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உடம்புக்கு என்ன என்று கேட்பதோடு அவள் நிறுத்த மாட்டாள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ராத்திரி என்ன சாப்பிட்டது, அதைச் சமைத்தது யார், வலி வந்தபோது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது, எல்லாம் வேண்டும் அவளுக்கு. "இதெல்லாம் மருந்து குடுக்கவா கேக்குறீங்க?" என்று ஒருவர் எரிந்து விழுந்ததற்கு, "இல்ல, தெரிஞ்சிக்கத்தான்" என்றாளாம். அப்படிப்பட்ட மனுஷி.

சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. கட்டிய புருஷன் சேத்தியாத்தோப்பில் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி மட்டும் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஊசி போடும் நாளில் தெரியும் சேதி. ஆஸ்பத்திரியைப் பெருக்க வந்தவள், ஊசிகளைக் கொதிக்க வைக்கப் பழகினாள், புண்ணுக்குக் கட்டுப் போடப் பழகினாள். அறுபதுகளின் கடைசியில் அவள் ஒரு நாள் வரவில்லை என்றால் டாக்டருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பீங்கான் ஊரில் ஆஸ்பத்திரி வைத்தவருக்குத் தீப்புண்ணுக்கா பஞ்சம்? ரயில்வே கேட்டைத் தாண்டினால் தொழிற்பேட்டை. கோப்பை, ஊறுகாய்ச் சாடி, பொம்மை, கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் என்று ஒவ்வொன்றையும் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள், அவற்றுக்குச் சூளைகள். சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் கை வைத்தவர்கள் நேரே இங்கேதான் வருவார்கள். தீ சுட்டது பாதி வலி என்றால், புண்ணோடு ஒட்டிக்கொண்ட பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுக்கட்டுப் போடுவது மீதி வலி. அதற்காகத் தினம் தினம் மயக்க மருந்து கொடுக்க முடியுமா? உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து உரிக்க வேண்டியதுதான். எவ்வளவு மெல்ல உரித்தாலும் கத்துவார்கள்.

பாவாடை என்று ஒரு சூளைக்காரன். வலது உள்ளங்கை வெந்து வந்தான். இரண்டு தடவை கட்டுப் பிரித்ததும், "ஆள விடுங்க சாமி" என்று எழுந்து போனவன்தான், அந்தப் பக்கமே திரும்பவில்லை. புண் தன்பாட்டுக்கு ஆறியது. ஆறும்போது விரல்களையும் சேர்த்து இழுத்து மூடிக்கொண்டது. எதிர் டீக்கடையில் அவன் மூடிய முஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் டீ கிளாஸைத் தூக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் கொளஞ்சியம்மாளுக்கு வயிறு எரியும். "கையக் காலக் கட்டியாவது உக்கார வச்சிருக்கணும் டாக்டரு" என்பாள். கட்டி உட்கார வைத்தால் நாளைக்கு எவன் வருவான் என்பார் டாக்டர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், என்ன செய்ய?

டாக்டர் விருத்தகிரிக்குப் பத்திரிகை படிக்கும் வியாதி உண்டு. மெட்ராஸிலிருந்து கட்டுக் கட்டாகத் தபாலில் வரும். ஒரு நாள் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர் ஒரு பக்கத்தை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். வெளிநாட்டில் பல் பிடுங்கும்போது நோயாளியின் காதில் இனிமையான இசையும் அருவி கொட்டுகிற ஓசையும் விடுகிறார்களாம், வலி பாதி தெரிவதில்லையாம்.

"காதுல விட்டா பல்லு ஏன் வலிக்காம போவுது?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அதான் தெரியல. செஞ்சி பாப்போமா?"

இந்த வார்த்தை போதாதா அவளுக்கு! அன்றைக்கே அருவி தயாரானது. கால் புண்ணோடு வந்திருந்த வண்டிக்கார சாமிதுரையை மேஜையில் படுக்க வைத்து, பக்கத்து அறைக் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீரை விட்டாள். சாமிதுரை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. பலிக்கிறது என்று டாக்டரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டாக்டரு, ஒண்ணுக்கு வருது" என்று பாதிக்கட்டோடு எழுந்து நொண்டி நொண்டி ஓடினான் அவன். அருவி அதோடு நின்றது.

சரி, இசை. மைக்செட் வைத்திருக்கும் பச்சமுத்துவிடம் சொல்லி ஒரு கிராமபோன் பெட்டியை வரவழைத்தார் டாக்டர். பாட்டு இல்லாமல் வெறும் வாத்தியம் வேண்டும் என்றார், வார்த்தை இருந்தால் மனசு அதன் பின்னால் போய்விடுமாம். பச்சமுத்துவிடம் அப்படி இருந்தது ஒரே ஒரு வீணை இசைத்தட்டு. கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ யாரும் கேட்காததால் கீறல் கூட விழாமல் இருந்தது. மறுபடியும் சாமிதுரை. மறுபடியும் மேஜை. ஜன்னல் பக்கம் பெட்டியை வைத்து கொளஞ்சியம்மாள் முள்ளை இறக்கினாள். வீணை மெல்ல எழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கே கண் சொருகியது.

சாமிதுரை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். "ஐயய்யோ, யாரு பூட்டாங்க?"

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் ஒரு பெரிய தலைவர் காலமாகி, ரேடியோவில் செய்தி நேரம் போக மீதி நேரமெல்லாம் வீணையும் வயலினுமாக ஊரே அழுது தீர்த்திருந்தது. பாட்டில்லாத வாத்தியம் கேட்டால் சாவு என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். டாக்டருக்கும் கொளஞ்சியம்மாளுக்கும் மட்டும் அன்றைக்கு அது தோன்றவே இல்லை. வராந்தாவில் காத்திருந்த பெண்கள் மாரில் கை வைத்துக்கொண்டார்கள். எதிர் டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். அவரைப் பார்த்து ஜவுளிக்கடைக்காரர் பலகையைச் சார்த்தினார். அவரைப் பார்த்துப் பாத்திரக்கடை. டாக்டர் வெளியே வருவதற்குள் கடைவீதியில் பாதி மூடிக் கிடந்தது. பஸ் ஓடுமா ஓடாதா என்று மங்கலம்பேட்டை ஆட்கள் சந்தையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் இசைத்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரும் சாவல, யாரும் சாவல" என்று வீதியில் நடந்ததை விருத்தாசலத்தில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். சாமிதுரை புண் ஆறும் மட்டும் வேறு வைத்தியரிடம் போனான்.

டாக்டருக்கு அந்த ஆசையே விட்டுப்போயிற்று. கொளஞ்சியம்மாளுக்குத்தான் விடவில்லை. ஒரு சத்தத்தால் கடைவீதியை மூட முடிகிறது, ஒரு புண்ணின் வாயை மூட முடியாதா?

அப்படி இருக்கும்போதுதான் வீரம்மாள் வந்தாள்.

வீரம்மாள் ஒரு கோப்பைக் கம்பெனியில் தட்டிப் பார்க்கிறவள். சூளையிலிருந்து வந்த கோப்பையை இடது கை விரல் நுனியில் தொங்கவிட்டு, வலது கையில் இருக்கும் சின்னக் குச்சியால் ஒரு தட்டு. நல்ல கோப்பை கிண்ணென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக்கென்று செத்த சத்தம் வரும். நாள் முழுக்க அதே வேலை. கட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை, அந்தக் குச்சியும் காதும்தான் அவள் பிழைப்பு. அன்றைக்குச் சூளையில் ஆள் குறைவு என்று கை கொடுக்கப் போனாள். கோப்பை அடுக்கியிருந்த மண்பெட்டி ஆறிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி வலது கையால் தூக்கிவிட்டாள்.

உள்ளங்கையும் ஐந்து விரல்களின் உள்பக்கமும் வெந்திருந்தன. அச்சு அசலாகப் பாவாடையின் கை. 

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "இத பாரும்மா. தினம் வரணும். வெரலுக்கு வெரல் நடுவுல துணி வச்சிக் கட்டணும். ஆற ஆற வெரல இழுத்து விரிக்கணும். ஓடிட்டன்னா கை மூடிக்கும். அப்பறம் எந்த டாக்டராலயும் தொறக்க முடியாது."

வீரம்மாள் தலையாட்டினாள். ஆட்டிய தலை மறுநாள் கட்டைப் பிரித்தபோது காணாமல் போயிற்று. அப்படி ஒரு கத்தல்! ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். மூன்று பேர் பிடித்தும் மேஜையிலிருந்து இறங்கினாள். "மூடிகிட்டா மூடிகிட்டுப் போவுது, வுடுங்க என்ன!" என்றாள். இழுத்து உட்கார வைத்துக் கட்டினார்கள். அடுத்த நாளும் அதே கூத்து.

அதற்கடுத்த நாள் டாக்டர் கட்டைப் பிரிக்க, தடுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆட்கள் குணமாகிப் போகும்போது ஆளுக்கு இரண்டு கழித்த கோப்பையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அப்படிச் சேர்ந்த கோப்பைகள். கத்தலைக் கேட்கச் சகிக்காமல் வெடுக் வெடுக்கென்று ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். கிண், கிண், டொக்.

கத்தல் பாதியில் நின்றது. "யக்கா! அது விரிஞ்சது! அதுல டீ ஊத்தாதீங்க, ஒழுவும்!" என்றது வீரம்மாளின் குரல்.

கொளஞ்சியம்மாள் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். வீரம்மாள் கழுத்தைத் திரைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் கையில், உரித்தெடுத்த பழைய துணி. அவருக்கே நம்ப முடியவில்லை.

"எதுடி விரிஞ்சது?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"கடைசில வச்சீங்களே, அது."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் மயிரிழை போல ஒரு கோடு. அடி ஆத்தே!

மறுநாள் வேண்டுமென்றே செய்தாள். வீரம்மாள் மேஜையில் உட்கார்ந்ததும் திரைக்குப் பின்னால் போய், ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கோப்பைகளைத் தட்டத் தொடங்கினாள். கத்தல் முனகலானது. முனகலுக்கு நடுவில், "அது நல்லது... அது... இன்னொருக்கா தட்டுங்க... ச்சே, அதுவும் நல்லதுதான்" என்று வீரம்மாள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டு முடிந்தது.

இப்போது டாக்டர் ஒரு கட்சி, கொளஞ்சியம்மாள் ஒரு கட்சி. பீங்கானின் இனிமையான ஓசைதான் நரம்பை அமைதிப்படுத்துகிறது என்பது டாக்டர் கட்சி. அதெல்லாம் இல்லை, விரிந்த கோப்பை எது என்று தேடுவதில் வலி மறந்துபோகிறது என்பது கொளஞ்சியம்மாள் கட்சி. "விரிஞ்சத எடுத்துட்டுத் தட்டிப் பாரு" என்றார் டாக்டர். நல்ல கோப்பைகளை மட்டும் வைத்துத் தட்டினாள். வீரம்மாள் அன்றைக்கும் அவ்வளவாகக் கத்தவில்லை. டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. விடுவாளா கொளஞ்சியம்மாள்? கம்பெனி வாசலில் குப்பையாகக் கொட்டிக் கிடந்ததில் விரிந்த கோப்பைகளாகப் பொறுக்கி வந்து, மறுநாள் அவற்றை மட்டும் தட்டினாள். டொக், டொக், டொக். கேட்கவே நாராசம். வீரம்மாள் அதற்கும் அடங்கிக் கிடந்தாள்! இனிமையும் இல்லை, தேடலும் இல்லை. பின்னே எதுதான்? டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொளஞ்சியம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அப்படி ஒரு குறுகுறுப்பு.

"நல்லா தட்டுறவங்க தட்டுனா இன்னும் நல்லா கேக்கும்ல?" என்று டாக்டர்தான் யோசனை சொன்னார். கொளஞ்சியம்மாளுக்கும் அது நியாயமாகப் பட்டது. வீரம்மாளோடு வேலை பார்க்கும் பூவாயியைக் கூட்டி வந்தார்கள். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டினாள் பாருங்கள், கோயில் மணி தோற்றது. ஒவ்வொரு கோப்பையும் கணீர் கணீரென்று நின்று பேசியது. வராந்தாவில் இருந்தவர்கள் கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

வீரம்மாள் முதல் துணியைத் தொட்டதுமே அலறினாள். பிரிக்கப் பிரிக்க அலறல் ஏறியது. கடைசியில் டாக்டரை உதறித் தள்ளிவிட்டு, பாதி பிரிந்த கட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடியே போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் டீக்கடையில் பாவாடை இடது கையால் கிளாஸைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனாள், துணி, களிம்பு, உப்புத் தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். "டாக்டரு, நான் கேட்டுக்கு அந்தாண்ட போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள்.

வீரம்மாள் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூவாயி இழுத்துச் சுற்றிவிட்டிருந்த கட்டு மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. கொளஞ்சியம்மாள் கதவருகே நின்றபடியே தொடங்கினாள்.

"ஏண்டி, பாவாட கையப் பாத்துருக்கியா நீ? அவன் ஆம்பள, மூட்ட தூக்கிப் பொழச்சிக்குறான். நீ என்னா பண்ணுவ? இடது கையில தட்டுவியா? யாரு வூட்டு வாசல்ல போயி நிப்ப?" பையைத் தரையில் வைத்தாள். "எனக்கு யாரு இருக்கா சொல்லு, உனக்கு யாரு இருக்கா? நம்ம கைய வுட்டா நமக்கு யாருடி?"

வீரம்மாள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க தட்டுனா வரேன்க்கா. அவ தட்டுனா வர மாட்டன்."

கொளஞ்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்? பூவாயி எப்பிடித் தட்டுறா! அதுக்கு என்னா கொற?"

"ஒரு கொறயும் இல்ல. அதான். அவ தட்டுனா எனக்கு அங்க என்னா வேல? நல்லது நல்லதுன்னு கேக்குது, கெட்டது கெட்டதுன்னு கேக்குது. காது சும்மா கெடக்குது. அப்பறம் கைதான் வலிக்குது."

"அப்ப நான் தட்டுனா?"

"கோச்சிக்க மாட்டீங்கள்ல?"

"சொல்லித் தொலடி!"

"நீங்க கோப்பைய இறுக்கிப் புடிச்சிகிட்டு தட்டுறீங்க. கழுத்தப் புடிச்சா கோப்ப எப்பிடிப் பேசும்? வெரல் நுனில வுடணும். அதுவும் நீங்க வாயில தட்டுறீங்க, வயித்துல தட்டணும். நல்ல கோப்பயும் உங்க கையில விரிஞ்ச கோப்ப மாரியே கத்துது. எது எதுன்னு புரியாம எனக்குப் பைத்தியமே புடிக்கும். ஐயோ, அந்தக் குச்சியப் புடுங்கி ஒரே ஒரு தட்டு தட்டிக் காட்டணும்னு இந்தக் கை அப்பிடித் துடிக்கும்க்கா. அந்த நேரத்துல டாக்டரு அவுத்தாரா, கட்டுனாரா, ஒண்ணும் தெரியாது."

கொளஞ்சியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் தான் ஏதோ அழகாகத் தட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கூட, "உனக்கு நல்ல தாளம்" என்று சொல்லியிருந்தார். கோபம் வந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது. எந்த இனிமையும் செய்யாததைத் தன்னுடைய தப்பு செய்திருக்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. "சரி எழுந்துரு. போயி தப்பாவே தட்டுறன், வா" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

விஷயத்தைக் கேட்டு டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. தினம் தட்டினால் கை பழகத்தானே செய்யும்? சில நாளிலேயே கொளஞ்சியம்மாளின் கோப்பைகள் ஒழுங்காகப் பேசத் தொடங்கிவிட்டன. உடனே மேஜையிலிருந்து முனகல் ஏறும். அவளுக்கு வியர்த்துவிடும். கோப்பையை உள்ளங்கையில் புதைத்துத் தட்டினாள். பிடியைத் தட்டினாள். குச்சியை விட்டுவிட்டுக் கரண்டியால் தட்டினாள். கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினாள். சரியாகச் செய்யப் பழகுவதை விடத் தப்பாகச் செய்துகொண்டே இருப்பது பெரிய பாடாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வீரம்மாள், "நாசமாப் போச்சி! கோப்பையா தட்டுறீங்க, தேங்கா ஒடைக்கிறீங்களா?" என்று கத்துவாள். அது வலிக் கத்தல் இல்லை. கொளஞ்சியம்மாளுக்குத் தேனாக இனிக்கும்.

புண் ஆறி, உள்ளங்கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியது. விரல்கள் பாதி மடங்கி நின்றன. இனிமேல்தான் ஆபத்து என்றார் டாக்டர். "நான் இழுத்து விரிக்கிறது போதாது. அவளா விரிக்கணும். பயந்துகிட்டு கையப் பூட்டி வச்சிருக்கா. இந்த வாரம் விரிக்கலன்னா இப்பிடியே நின்னுடும்." வீரம்மாளைக் கெஞ்சினார், மிரட்டினார். அவள் கையை மாரோடு அணைத்துக்கொண்டு, "முடியல டாக்டரு, கிழியிற மாரி இருக்குது" என்று அழுதாள். அவர் அவள் விரலைத் தொடவும் பயந்தார்.

திரைக்கு இந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள் தட்டிக்கொண்டே இருந்தாள். அழுகை நிற்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. இவ்வளவு தூரம் வந்து இந்தக் கை மூடிக்கொள்வதா? கோபத்தில் ஒரு கோப்பையை எடுத்து, இரண்டு கையாலும் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு, குச்சியைப் பல்லில் கடித்து, தலையை ஆட்டி ஆட்டித் தட்டினாள். டக், டொக்கு, டடக், கீச். அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கோப்பை பிறந்ததிலிருந்து போட்டிருக்காது.

அழுகை நின்றது. மேஜை கிரீச்சிட்டது. திரை விலகியது.

"குடுங்கக்கா இப்பிடி! தாங்க முடியல!" என்று வீரம்மாள் பாய்ந்து வந்து குச்சியைப் பிடுங்கினாள்.

வலது கையால் பிடுங்கினாள். மடங்கிக் கிடந்த விரல்கள் விரிந்து, குச்சியைச் சுற்றி மூடின. இடது கை விரல் நுனியில் கோப்பையைத் தொங்கவிட்டு அதன் வயிற்றில் ஒரு தட்டு தட்டினாள். கிண்ணென்று அறை முழுக்க நின்றது அந்தச் சத்தம்.

"இப்பிடி" என்றாள் வீரம்மாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். புதுத்தோல் ஓரிடத்தில் லேசாக வெடித்து ஒரு சொட்டு ரத்தம் வந்திருந்தது. விரல் விரிந்திருந்தது.  கொளஞ்சியம்மாள் வாயிலிருந்த மரத்துணுக்கைத் துப்பிவிட்டு, "நல்லா தெரியல. இன்னொருக்கா தட்டு" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் வீரம்மாள் அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். அறுவடை நேரத்தில் கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். உள்ளங்கைத் தோல் மட்டும் கடைசி வரைக்கும் பளபளவென்று தனியாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் கொளஞ்சியம்மாளின் கேள்விகளில் ஒன்று கூடிவிட்டது. கட்டுப் போட வருகிறவர்களிடம், "நீ என்னா வேல பாக்குற? அந்த வேலய யாராவது தப்பா செஞ்சா உனக்குப் பொறுக்குமா?" என்பாள். தையல்காரருக்குத் திரைக்குப் பின்னால் மெஷினைத் தாறுமாறாக மிதித்தாள். பஜனைக்காரருக்குத் தாளத்தைத் தப்பித் தப்பிப் போட்டாள். சில பேருக்குப் பலித்தது, சில பேருக்குப் பலிக்கவில்லை. ஒரு ஸ்கூல் வாத்தியாருக்காக வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லப் போய், அவர் மயக்கமே போட்டு விழுந்துவிட்டார். ஏன் இவருக்கு இப்படி, அவருக்கு அப்படி என்று டாக்டரும் அவளும் டீ ஆறும் வரைக்கும் பேசுவார்கள். முடிவுக்கு வந்ததே இல்லை.

எழுபத்தாறாம் வருஷம், வெயில் காலத்தில் கொளஞ்சியம்மாளுக்கு முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய சீழ்க்கட்டி வந்தது. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, ஜுரம் கண்ட பிறகுதான் டாக்டரிடம் வாயைத் திறந்தாள். "கத்தி வச்சே ஆவணும். விட்டா ரத்தத்துல கலந்து உயிருக்கே வந்துடும்" என்றார் அவர். எத்தனையோ பேரைப் படுக்க வைத்த மேஜையில் அவளே குப்புறப் படுத்தாள்.

அவளை விட மோசமான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி கண்டதில்லை. மரத்துப்போக ஊசி போட்டும் சீழ் கட்டிய இடத்தில் அது பாதிதான் பிடித்தது. அது போதாதென்று, தட்டில் ஒவ்வொரு சாமானும் விழும் சத்தத்தை வைத்தே இன்னதென்று அவளுக்குத் தெரிந்துவிடும். "அது சின்னக் கத்திதான? எடுக்காத டாக்டரு! ஐயோ, வளஞ்ச கத்திரி! அது எதுக்கு இப்ப?" கத்தி முதுகைத் தொடும் முன்பே முதுகு விறைத்து எழும்பியது. டாக்டர் இரண்டு தரம் வைத்து, இரண்டு தரமும் எடுத்துவிட்டார்.

"உனக்கு எந்த சத்தம் வேணும் கொளஞ்சியம்மா? சொல்லு, செய்யிறேன்" என்றார்.

அவள் யோசித்தாள். ஊரார் எல்லோருக்கும் தேடிக் கொடுத்தவளுக்குத் தன்னுடையது எது என்று தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல போ" என்றாள், அழுகிற குரலில்.

டாக்டர் வெளியே போய் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்தார். காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டக். டொக்கு. டடக். கீச்.

கொளஞ்சியம்மாள் தலையைத் தூக்கினாள். "யாரு அது? கோப்பைய இறுக்கிப் புடிச்சிருக்கா பாரு. ஏய், வெரல் நுனில வுடு! வயித்துல தட்டு!"

டொக்கு. டொக்கு. டக்.

"சொல்றன்ல! காது கேக்கல? வாயில தட்டாத! யாருடி அவ, இவ்ளோ நாளா இந்த ஊர்ல இருந்துகிட்டு..." அவள் மேஜை ஓரம் நகர்ந்து, திரைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். ஒரு கோப்பை தெரிந்தது. அதைக் கழுத்தோடு நெரித்துப் பிடித்திருந்தது இடது கை. குச்சியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது வலது கை. விரலிடுக்கில் தெரிந்த உள்ளங்கைத் தோல் பளபளவென்றிருந்தது.

"வீரம்மா! நானாடி இப்பிடித் தட்டுனன்?"

"இதுக்கு மேலக்கா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "எவ்ளோ முக்கியும் அந்த மாரி எனக்கு வர மாட்டன்னுது."

கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முதுகு குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது எதற்கு வந்த தண்ணீர் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. "ஆடாத, ஆடாத, முடிஞ்சிச்சி" என்றார் டாக்டர்.

"என்னா முடிஞ்சிச்சி?"

"எல்லாம்தான். சீழ எடுத்தாச்சி. துணி வைக்கிறன். வலிச்சிதா?"

"அது கெடக்கட்டும் டாக்டரு" என்றாள் கொளஞ்சியம்மாள். குப்புறப் படுத்தபடியே திரைப்பக்கம் கையை நீட்டினாள். "அடியே, அந்தக் குச்சிய இப்பிடிக் குடு. தாங்க முடியல."

திரை விலகியது. வீரம்மாள் வலது கையை நன்றாக விரித்து, குச்சியை அதில் வைத்து நீட்டினாள்.